அணைத்தும் அணையாத ஆம்ப்

“ஆப்ல ஆஃப்னு காட்டுது தம்பி. ஆனா ஆம்ப் மேல கை வச்சா வெதுவெதுன்னு இருக்கு. பூனை ராத்திரி பூரா அது மேலதான் படுத்துக் கெடக்குது.”

தொலைபேசியில் வந்த புகார் இவ்வளவுதான். பேசியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஸ்பீக்கர் பெட்டியைத் தானே அறுத்து ஒட்டிச் செய்யும் அளவுக்கு இசைப் பித்து. பூனை சொன்ன சாட்சியை நான் உடனே நம்பிவிட்டேன். எந்தப் பெட்டி சூடாக இருக்கிறது என்பதில் பூனைக்குத் தவறு நேராது.

அவர் வீட்டு இசை அறையில் இருந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு சேனல் பவர் ஆம்ப் ஒன்று. கிளாஸ் ஏபி வகை (பாட்டு இல்லாதபோதும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும்), உள்ளே 800 விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு) டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர், அதாவது வளைய இரும்பில் சுற்றியது. பழைய தயாரிப்பு, முன்பக்கம் ஒரு தடித்த பவர் பட்டன், அதைத் தவிர ரிமோட்டும் இல்லை, ட்ரிகர் இணைப்பும் (வேறொரு பெட்டி சின்ன வோல்ட்டேஜ் அனுப்பி எழுப்பும் வழி) இல்லை. அதற்கு முன்னால் ஒரு டிஎஸ்பி பிராசஸர், ஒலியை எண்களாக மாற்றிக் கையாளும் பெட்டி. ஒலியைக் கீழ்ஸ்தாயி பாடும் வூஃபருக்கும் மேல்ஸ்தாயி பாடும் ட்வீட்டருக்கும் பிரித்து ஆம்பின் தனித்தனி சேனல்களுக்கு அனுப்புவது அதுதான். அதாவது ஆக்டிவ் கிராஸ்ஓவர்: ட்வீட்டருக்கும் ஆம்புக்கும் நடுவில் ஒயரைத் தவிர எதுவும் இல்லை. இவை தவிர இணையப் பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர் ஒன்று, அடிநாதத்துக்கென்று சொந்த ஆம்ப் உள்ள ஒரு சப்வூஃபர். நான்குக்கும் நான்கு ஸ்மார்ட் பிளக். பாட்டுக் கேட்டு முடித்ததும் ஃபோனில் ஒரு தட்டு. நான்கும் ஒரே நொடியில் அணையும். காலையிலும் மாலையிலும் கேட்க உட்காரும்போது இன்னொரு தட்டு, நான்கும் எரியும்.

(‘ஆம்ப்’ என்று இங்கே எழுதினால் அது ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கருக்குப் போகும் மின்னொலியைப் பெருக்கும் பெட்டி. மின்னோட்டத்தை ‘ஆம்பியர்’ என்று முழுதாகவே எழுதுகிறேன். பேச்சில் இரண்டையும் குழப்பித்தான் பாதிப் பேர் பிளக் வாங்குகிறார்கள்.)

போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபோது இரண்டு பழைய கதைகள் வெளியே வந்தன. இரண்டு மாதத்துக்கு முன் இடப்பக்க ட்வீட்டர் செத்துப்போயிருக்கிறது. “வயசாச்சு” என்று மாற்றிவிட்டார். அதற்கும் முன்னால், ஸ்மார்ட் பிளக் போட்ட முதல் மாதத்திலேயே, காலையில் அந்த அறையின் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பி16-ஐக் கழற்றி சி16 போட்டுவிட்டுப் போனார். தொல்லை நின்றது. மூன்றையும் மூன்று தனிச் சம்பவமாகத்தான் அவர் சொன்னார்.

ஹப்பின் பதிவில் இருந்தது

பிளக்குகள் எல்லாம் மின்னளவு காட்டுபவை. ஆப் திரையில் பிளக் ஆஃப் நிலையில் இருந்தால் வாட் எண்ணை மறைத்துவிடும் வடிவமைப்பு. ஆஃப் ஆனதற்கு என்ன வாட் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் பிளக்குகளை ஆட்டுவிக்கும் வீட்டு ஹப் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. வரைபடத்தைத் திறந்தால் ஆம்பின் பிளக், நிலை ‘ஆஃப்’, மின்சாரம் 58 வாட். பாட்டு இல்லாமல் சும்மா இருக்கும்போது அந்த ஆம்ப் எடுக்கும் அளவு அதுதான். பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனேன். 19 நாளாக அந்தக் கோடு கீழே இறங்கவே இல்லை.

19 நாளுக்கு முந்தைய மாலையில் என்ன நடந்தது என்பதும் அங்கேயே இருந்தது. நான்கு பிளக்குகளும் ஒரே நேரத்தில் தொடர்பு இழந்து, திரும்பி, மறுபடி இழந்து, திரும்பி, முக்கால் நிமிடத்தில் மூன்று தடவை. கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. பிளக்கின் அமைப்பில் ‘மின்சாரம் வந்ததும் முந்தைய நிலைக்குத் திரும்பு’ என்று இருந்தது. ஆகவே ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் பிளக் விழித்து, ரிலேயை (ஒரு சுருளின் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) மூடி, அதாவது இணைத்து, ஆம்புக்கு முழு மின்சாரத்தையும் கொடுத்திருக்கிறது. மூன்றாவது முறை மூடிய ரிலே பிறகு திறக்கவே இல்லை.

பிளக்கைத் திறந்தபோது

சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, அரை மணி கழித்துத்தான் திறந்தேன். இந்த மாதிரிப் பிளக்குகள் பலவற்றில் உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதி மெயின்ஸிலிருந்து, அதாவது வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து, தனிமைப்படுத்தப்பட்டதல்ல. செருகிய நிலையில் அதன் 3.3 வோல்ட் முனையைத் தொட்டாலும் மெயின்ஸைத் தொட்ட கணக்குதான். திறந்த பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரோடு இணைத்து ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஏற்றப் போய் கம்ப்யூட்டரையே எரித்தவர்கள் உண்டு. கை பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

உள்ளே சின்னக் கறுப்பு ரிலே. உடம்பில் ‘16 ஆம்பியர் 250 வோல்ட்’ என்று அச்சு. ரிலேயின் இரு தொடர்புமுனைக்கும் நடுவே மீட்டர் வைத்தால் மின்சாரமே இல்லாத நிலையில் பீப் என்கிறது. ரிலேயின் மூடியைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தேன். ஒரு மிளகளவு கூட இல்லாத இரண்டு வெள்ளிப் பொட்டுகள், ஒன்று அசையும் தகட்டில், ஒன்று நிலையானதில். நடுவில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு துளி உலோகம், ஈயப்பற்று வைத்தது போல. சுற்றிலும் கரி படிந்த வட்டம். கத்தியால் மெல்லத் தள்ளியதும் ‘டக்’கென்று விட்டது. விட்ட இடத்தில் ஒரு பொட்டில் குழி, எதிர்ப் பொட்டில் அதே வடிவில் மேடு.

தீய்ந்த வாடை இல்லை, பிளாஸ்டிக் உருகவில்லை. பிளக் தன் வேலையை மற்றபடி ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது: கட்டளை வந்தால் சுருளுக்கு மின்சாரத்தை நிறுத்தியது, ஆப்புக்கு ‘ஆஃப்’ என்று பதில் அனுப்பியது. தகடு பிரிந்ததா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை.

16 ஆம்பியர் என்பது எந்த 16 ஆம்பியர்

ஆசிரியர் கேட்ட கேள்வி நியாயமானது. “800 விஏ, 230 வோல்ட். மூணரை ஆம்பியர். பதினாறு தாங்கும்னு போட்டிருக்கானே, நாலு மடங்குக்கு மேல விட்டுத்தானே வாங்கியிருக்கேன்?”

அந்தப் பதினாறு, ரெசிஸ்டிவ் லோடுக்குச் சொன்னது. வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரிப் பொருள்கள் போட்ட நொடியிலும் பத்து நிமிடம் கழித்தும் ஏறக்குறைய ஒரே மின்னோட்டத்தை எடுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அப்படி இல்லை. முதல் சில மில்லி நொடிகளில் அது எடுப்பதற்கும் பிறகு எடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரில் மெயின்ஸ் வந்து சேரும் பிரைமரி சுற்றை மீட்டரில் அளந்தேன்: 1.6 ஓம். அறை சாக்கெட் வரை வரும் ஒயரிங்கின் தடை கிட்டத்தட்ட 0.6 ஓம். மொத்தம் 2.2. 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரிக் கணக்கு. அலையின் உச்சம் 325 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நிறைந்துபோய், அதாவது காந்தப் பாய்வை இதற்கு மேல் ஏற்றுக்கொள்ள முடியாத நிலைக்குப் போய்விட்டால், அந்தச் சுற்று வெறும் செம்புக் கம்பிதான். 325-ஐ 2.2-ஆல் வகுத்தால் 148 ஆம்பியர். இது மேல்வரம்பு, நடைமுறையில் இதற்குக் குறைவாகவே வரும். ஆனால் 3.5 எங்கே, நூறைத் தொட்டுப் பார்க்கும் எண் எங்கே. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேர்த்து வைப்பவை) வேறு. அவை நிரம்பும் வரை அதுவும் ஒரு ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். குருவி தலையில் பனங்காய் வைத்த கதை. ஒரு வித்தியாசம், இங்கே பனங்காய் காலையும் மாலையும் பத்து மில்லி நொடி மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. அதனால்தான் குருவி நாலு மாதம் தாங்கியது.

எம்சிபி கதையும் இதுவேதான். பி வகை, தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனடியாக ட்ரிப் ஆகும். பி16 என்றால் 48 முதல் 80 ஆம்பியர். சி வகைக்கு 5 முதல் 10 மடங்கு. சி16 என்றால் 80 முதல் 160. அந்த அறையில் பி16 விழுந்தது தவறில்லை. ‘இங்கே ஒருவன் 48 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறான்’ என்று அது தினம் காலையில் கத்திக்கொண்டிருந்தது. சி16 போட்டதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள லோடுக்கு அதைத்தான் போடுவார்கள், அந்த வீட்டு லூப் தடையும் (ஷார்ட் ஆனால் மின்னோட்டம் போய்த் திரும்பும் முழு வழியின் தடை) அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் கத்தியவன் வாயை அடைத்த பிறகு, அவன் எதற்காகக் கத்தினான் என்று யாரும் கேட்கவில்லை. பாரம் முழுதும் அந்தச் சின்ன வெள்ளிப் பொட்டில் இறங்கியது.

ரிலேக்களிலும் இந்த வேலைக்கென்றே தேர்ந்தவை உண்டு. தகவல் தாளில் ‘டிவி-8’ என்ற குறி இருந்தால், நிலையாக 8 ஆம்பியரையும் போட்ட கணத்தில் 117 ஆம்பியரையும் தாங்கும் என்று சோதித்தது என்று பொருள். ‘டிவி-5’ என்றால் 5-ம் 78-ம். எண் சிறியதாகத் தெரியும். வெறும் ‘16 ஆம்பியர்’ என்று போட்ட ரிலேயும் ‘டிவி-8’ ரிலேயும் பக்கத்தில் இருந்தால் பலரும் 16-ஐத்தான் எடுப்பார்கள். ஆம்புக்கு எட்டுதான் பதினாறைவிடப் பெரியது.

நல்லது செய்யப் போய்

பிளக் பெட்டியின் மேல் ஒரு வாசகம்: ‘ஜீரோ கிராஸ் சுவிட்சிங், ரிலே ஆயுள் அதிகம்’. அதைப் பார்த்துத்தான் இந்த மாடலைத் தேர்ந்தெடுத்ததாக ஆசிரியர் பெருமையாகச் சொன்னார். இந்த வழக்கிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

மின் அலை நொடிக்கு 50 முறை மேலும் கீழும் போய்வருகிறது. ஒவ்வொரு அரைச் சுற்றும் 10 மில்லி நொடி. அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் ரிலேயை மூடினால் வோல்ட்டேஜ் மெல்ல ஏறும், பொறி பறக்காது. எல்இடி பல்பு, சார்ஜர் போன்ற எஸ்எம்பிஎஸ் (பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மின்னணு பவர் சப்ளை) பொருள்களுக்கு இது அருமையான உத்தி. அவற்றின் உள்ளே முதலில் நிற்பது கெபாசிட்டர். அதற்கு வோல்ட்டேஜ் மெல்ல ஏறினால் நல்லது.

டிரான்ஸ்ஃபார்மருக்கு இதே உத்தி நேர் எதிர். அதன் காந்தப் பாய்வு வோல்ட்டேஜின் கூட்டுத்தொகை. வோல்ட்டேஜ் எவ்வளவு நேரம் ஒரு பக்கமாகத் தள்ளியது என்பதன் கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில், வோல்ட்டேஜ் பூஜ்யத்தில் இருக்கும் கணத்தில் பாய்வு எதிர்ப்பக்க உச்சத்தில் நிற்கும். அங்கிருந்து அரைச் சுற்றில் மறுபக்க உச்சத்துக்குப் போகும். ஊஞ்சல் மாதிரி: பின்னால் முழுதும் இழுத்த இடத்திலிருந்து முன்னால் முழுதும் போவது. இப்போது ஊஞ்சல் நடுவில் சும்மா நிற்கும்போது அதே முழுத் தள்ளலைக் கொடுத்தால்? நடுவிலிருந்து கிளம்பி இரண்டு மடங்கு தூரம் முன்னால் போகும். பூஜ்யத்தில் போட்ட டிரான்ஸ்ஃபார்மரில் பாய்வு இரண்டு மடங்கு உச்சத்துக்குப் போக முயல்வது இப்படித்தான். போன முறை அணைத்தபோது இரும்பில் தங்கிய காந்தமும் அதே திசையில் இருந்துவிட்டால் இன்னும் மேலே. டொராய்டு வளையத்தில் காற்று இடைவெளி இல்லாததால் அந்த மிச்சக் காந்தம் நன்றாகவே தங்கும். இரும்பால் இரண்டு மடங்கைத் தாங்க முடியாது, நிறைந்துவிடும். பிறகு மேலே சொன்ன 2.2 ஓம் கணக்குதான்.

அலை உச்சத்தில் இருக்கும்போது போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் பாட்டுக்குச் சாதுவாக எழும். கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் உண்மை.

வேறொரு ஜீரோ கிராஸ் பிளக்கைக் கொண்டுவந்து, மின்னோட்டத்தை அளக்கும் கரண்ட் ப்ரோப் மாட்டி, அலையைத் திரையில் வரையும் ஆசிலோஸ்கோப்பில் அவருக்கே காட்டினேன். சாதாரணச் சுவிட்சில் போட்டால் ஒருமுறை மலை, ஒருமுறை மேடு, ஒருமுறை ஒன்றுமே இல்லை. எந்தக் கணத்தில் விரல் பட்டதோ அந்தக் கணத்தின் அதிர்ஷ்டம். ஜீரோ கிராஸ் பிளக்கில் பெரும்பாலும் மலை. மோசமான கணத்தைத் தேடிப் பிடித்துப் போடும் இயந்திரமாக அது ஆகியிருந்தது. “அப்ப மலிவான பிளக்கே மேலா?” என்றார். இந்த ஒரு விஷயத்தில் ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ட்வீட்டர் ஏன் செத்தது

ஒலி அமைப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஆம்ப் கடைசியாக எரிய வேண்டும், முதலாவதாக அணைய வேண்டும். மேடைக் கச்சேரிகளில் மிக்ஸர் பார்ப்பவர்கள் இதைத் தூக்கத்திலும் செய்வார்கள். காரணம், முன்னால் இருக்கும் பெட்டி எரியும்போதும் அணையும்போதும் அதன் வெளியீட்டில் ஒரு குத்து வரும். ஆம்ப் விழித்திருந்தால் அந்தக் குத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும்.

இங்கே நான்கு பிளக்கும் ஒரே நொடியில் அணைந்தன. பார்க்கச் சமமாகத் தெரியும், ஆனால் சமமில்லை. பிராசஸரின் சின்ன பவர் சப்ளை கண் மூடித் திறப்பதற்குள் சாகும். ஆம்பின் பெரிய கெபாசிட்டர்களில் இன்னும் சில நொடிக்கு உயிர் இருக்கும். சாகும் பிராசஸர் கடைசியாக ஒரு உதை உதைக்க, பாதி உயிரோடு இருக்கும் ஆம்ப் அதைப் பெருக்குகிறது. ட்வீட்டரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 8 ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பார்த்தேன். அணைத்ததும் 18 வோல்ட் வரை ஒரு குத்து, சட்டென்று இறங்காமல் இழுத்துக்கொண்டு போனது. 8 ஓமில் 18 வோல்ட் என்றால் 40 வாட். முடி போன்ற கம்பியில் சுற்றிய ட்வீட்டர் சுருளுக்குத் தினமும் இரவில் இப்படி ஓர் அடி. சாதாரண ஸ்பீக்கரில் கிராஸ்ஓவர் கெபாசிட்டர் ஒன்று குறுக்கே நின்று பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். இங்கே அதுவும் இல்லை.

“தினம் ‘டப்’னு ஒரு சத்தம் வரும், குட் நைட் சொல்ற மாதிரி” என்று அவரே சொன்னார்.

என்ன செய்தோம்

முதலில் தீர்மானித்தது, ஆம்புக்குப் போகும் மெயின்ஸ் வழியிலிருந்து ஸ்மார்ட் பிளக்கை எடுத்துவிடுவது. பெரிய பிளக், இன்னும் பெரிய பிளக் என்று போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆட்டோமேஷன் வேண்டியது கட்டளை சொல்வதற்கு; கரண்டை வெட்டும் வேலையை, வெட்டத் தெரிந்த கருவியிடம் கொடுத்துவிடலாம்.

ஆம்பில் 12 வோல்ட் ட்ரிகர் இணைப்பு இருந்திருந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பின்பக்கம் 3.5 மில்லிமீட்டர் மோனோ ஓட்டை ஒன்று, 12 வோல்ட் வந்தால் விழிக்கும், போனால் தூங்கும். உள்ளே அதற்கென்று ரிலேயும், பெரும்பாலான பெரிய ஆம்புகளில் சாஃப்ட் ஸ்டார்ட்டும் (முதல் பாய்ச்சலைத் தணிக்கும் ஏற்பாடு) தயாரிப்பாளரே வைத்திருப்பார். பலர் வீட்டில் அந்த ஓட்டை தூசி அடைந்து கிடக்க, பிளக் வாங்கி மெயின்ஸை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ட்ரிகருக்கு ஸ்மார்ட் ரிலே பயன்படுத்தினால் அதன் தொடர்புமுனைகள் மெயின்ஸோடு எந்த உறவும் இல்லாதவையாக, டிரை கான்டாக்ட்டாக, இருக்க வேண்டும். சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் பல மாடல்களில் வெளியீட்டு முனையில் வருவது ஃபேஸ்தான். அதை ட்ரிகர் ஓட்டையில் கொடுத்தால் ஆம்பின் ஆடியோ கிரவுண்ட் முழுதும், ஆடியோ கேபிளைச் செருகக் கையில் பிடிக்கும் ஆர்சிஏ ஜாக் உட்பட, 230 வோல்ட்டில் நிற்கக்கூடும்.

இந்த ஆம்பில் அது இல்லாததால் ஒரு பெட்டி செய்தேன். எர்த் செய்த உலோகப் பெட்டி. உள்ளே டிவி-8 ரிலே ஒன்று, 33 ஓம் அலுமினிய உறை ரெசிஸ்டர், அதைத் தாண்டிச் செல்ல இரண்டாவது ரிலே. 12 வோல்ட் வந்ததும் முதல் ரிலே மூடும். மின்சாரம் 33 ஓம் வழியாக ஆம்புக்குப் போகும். 325-ஐ 35-ஆல் வகுத்துப் பாருங்கள், உச்சமே 9 ஆம்பியர் சொச்சம்தான். முக்கால் நொடி கழித்து இரண்டாவது ரிலே மூடி ரெசிஸ்டரை ஓரங்கட்டிவிடும். அந்த இரண்டாவது ரிலே என்றைக்காவது மூடாமல் போனால் ரெசிஸ்டர் தொடர்ந்து சூடேறும். அதற்காக அதன் முதுகில், சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் ஒரு தெர்மல் ஃப்யூஸ் கட்டியிருக்கிறது. இதை விட்டுவிட்டுச் செய்யும் சாஃப்ட் ஸ்டார்ட், தீப்பெட்டிக்குச் சமம். மெயின்ஸ் வேலை பழகாதவர்கள் இதைத் தயார் நிலையில் வாங்குவதே நல்லது.

என்டிசி தெர்மிஸ்டர் ஒன்றே போதாதா என்று கேட்பார்கள். குளிர்ந்திருக்கும்போது அதிகத் தடை, சூடானால் குறைந்த தடை. அழகான எளிய தீர்வு. ஆனால் அணைத்தவுடன் அது ஆறுவதற்கு ஒரு நிமிடம்போல ஆகும். முக்கால் நிமிடத்தில் மூன்று முறை கரண்ட் போய் வந்த அந்த மாலையில் முதல் முறை காப்பாற்றியிருக்கும், அடுத்த இரண்டு முறையும் சூடாக, தடையே இல்லாமல், வழிவிட்டு நின்றிருக்கும். ரிலே வைத்த சாஃப்ட் ஸ்டார்ட் கரண்ட் போன நொடியே ரெசிஸ்டரைத் திரும்பக் குறுக்கே கொண்டுவந்துவிடுகிறது.

பெட்டிக்கு 12 வோல்ட் யார் கொடுப்பது? பிராசஸரில் ட்ரிகர் வெளியீடு இருந்தது. சப்வூஃபரில் ட்ரிகர் உள்ளீடு இருந்தது. ஆக, ஹப் இப்போது வீட்டு நெட்வொர்க் வழியாகப் பிராசஸரிடம் ‘எழு’, ‘தூங்கு’ என்று சொல்கிறது, அவ்வளவுதான். அது எழுந்து நிதானமான பிறகு, எட்டு நொடி கழித்து, ட்ரிகரை உயர்த்துகிறது; ஆம்பும் சப்வூஃபரும் பின்தொடர்கின்றன. தூங்கும்போது தன் வெளியீட்டை மியூட் செய்துவிட்டு ட்ரிகரை இறக்குகிறது; மெயின்ஸ் அறுபடாததால் உதை இல்லை. ஆசிலோஸ்கோப்பில் கோடு அசையவில்லை. ட்ரிகர் வெளியீடுகள் 100 மில்லி ஆம்பியர் போலத்தான் கொடுக்கும் என்பதால், பெட்டிக்குள் ரிலே சுருளை நேரடியாக அதில் தொங்கவிடாமல் ஆப்டோ ஐசோலேட்டர் (ஒளி வழியாகக் கட்டளையைக் கடத்தும் சின்னப் பாகம்) ஒன்றை நடுவில் வைத்தேன்.

கரண்டே திடீரென்று போனால்? பிராசஸர் முதலில் செத்து, பழைய உதை திரும்பும். அதற்காகப் பிராசஸரையும் ஸ்ட்ரீமரையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் மாற்றினோம். அவை ஆம்பைவிட நீண்ட நேரம் உயிரோடிருந்தால் போதும். ஆம்பை அதே யுபிஎஸ்ஸில் போடும் ஆசை ஆசிரியருக்கு வந்தது. சதுர அலை கொடுக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் 800 விஏ டொராய்டைத் தொங்கவிட்டால் இரண்டில் ஒன்று கத்தும் என்று தடுத்தேன்.

அவருக்கு ஒரு மனக்குறை. “பிராசஸர் ராத்திரி பூரா ஸ்டாண்ட்பைல இருக்குமே. கரண்ட் மிச்சம் பண்ணத்தானே பிளக்கே வாங்கினேன்?” கணக்குப் போட்டோம். அதன் நெட்வொர்க் ஸ்டாண்ட்பை 2 வாட். வருடம் முழுக்க இருந்தாலும் 17.5 யூனிட். ஒட்டிக்கொண்ட ரிலே, அணைந்திருக்க வேண்டிய நாளொன்றுக்கு 20 மணி நேரம் வீதம், 58 வாட்டில், 19 நாளில் தின்றது 22 யூனிட். நெட்வொர்க்கும் தகவல் திரையும் இல்லாத சாதனங்களுக்கு 2013-லிருந்தே ஐரோப்பிய விதிப்படி ஸ்டாண்ட்பை அரை வாட்டுக்கு மேல் போகக்கூடாது. புதிதாக வாங்கிய ஆடியோ பெட்டியை வெட்டி வெட்டி மிச்சம் பிடிப்பதில் பெரிதாக ஒன்றும் தேறாது. பழைய ஆம்ப்தான் உண்மையில் அணைக்க வேண்டியது, அது இப்போது முழுதாக அணைகிறது.

ஹப்பில் ஒரு சின்ன விதியும் எழுதினேன். வீட்டில் மிச்சமுள்ள எந்தப் பிளக்காவது ‘ஆஃப்’ நிலையில் 5 வாட்டுக்கு மேல் காட்டினால் ஃபோன் அலற வேண்டும். வாட் எண் காட்டும் பிளக் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. கூடவே, கரண்ட் திரும்பி வந்தால் எல்லாப் பிளக்கும் ‘ஆஃப்’பில் விழிக்க வேண்டும் என்று மாற்றிவைத்தேன்.

வேலை நடுவே வந்த சில பேச்சுகள்

ஆசிரியரின் மருமகன், ஹால் ஆம்பை விளக்கு டிம்மர் மாட்யூலில் மாட்டலாமா என்று கேட்டார். நூறில் வைத்தால் முழு மின்சாரம்தானே என்றார். கூடவே கூடாது. டிம்மர், ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்சை வைத்து அலையைக் கொத்துவது. நூறிலும் முழு அலை வரும் என்று சொல்ல முடியாது. இரு அரைச் சுற்றும் கொஞ்சம் ஏறுமாறாக வெட்டுப்பட்டாலே டிரான்ஸ்ஃபார்மருக்குள் நேர்மின்னோட்டம் புகுந்து உறுமத் தொடங்கும். 1975-இல் ஸ்காட்லாந்தின் பிகோ எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய எக்ஸ்10-தான் வீட்டு ஆட்டோமேஷனுக்கு மூதாதை. அதிலேயே விளக்குக்கு ஒரு மாட்யூல், சாதனங்களுக்கு ரிலே வைத்த வேறு மாட்யூல் என்று பிரித்துத்தான் விற்றார்கள். அந்தப் பிரிவினை இன்றும் செல்லும்.

நியூட்ரல் கம்பி வேண்டாத ஸ்மார்ட் சுவிட்சுகளும் இந்த வேலைக்கு ஆகாது. அவை தாங்கள் உயிர் வாழ லோடு வழியாகக் கொஞ்சம் மின்னோட்டத்தைக் கசியவிடும். எஸ்எம்பிஎஸ் வைத்த ஆக்டிவ் ஸ்பீக்கர் அந்தக் கசிவைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, சில நொடிக்கு ஒருமுறை எழ முயன்று விழும். இரவில் ‘டிக்… டிக்…’ என்று கேட்கும். ரிலே முனைகளுக்குக் குறுக்கே பொறி அணைக்க 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுவதிலும் இதே தொல்லை: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அது 7 மில்லி ஆம்பியரைக் கசியவிடும். போடத்தான் வேண்டுமென்றால் லோடுக்குக் குறுக்கே போடுங்கள், மெயின்ஸுக்குக் குறுக்கே போடவென்றே வரும் எக்ஸ்2 வகையாகப் பார்த்து.

புதுப் பெட்டியை வேறு சர்க்யூட்டின் சாக்கெட்டில் சோதித்தபோது ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தது. பிராசஸருக்கு ஓர் எர்த், ஆம்புக்கு வேறு வழியில் ஓர் எர்த், நடுவில் ஆடியோ கேபிள், வளையம் பூர்த்தி. “எர்த் பின்னை எடுத்துட்டா சத்தம் போயிடும்னு சொல்றாங்களே” என்றார். போகும். ஆம்புக்குள் ஒரு காப்பு கிழிந்த அன்று வெளிக்கூடு முழுதும் ஃபேஸ் ஆகி நிற்கும், எந்த எம்சிபியும் விழாது. எல்லாவற்றையும் ஒரே சாக்கெட் வரிசைக்குக் கொண்டுவந்தோம், உறுமல் போயிற்று. போகாதிருந்தால் ஆடியோ கேபிளில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருப்பேன்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ட்வீட்டருக்குத் தொடராக ஒரு காப்புக் கெபாசிட்டர் போடச் சொன்னேன், ஆம்பே பழுதாகி நேர்மின்னோட்டம் விட்டாலும் சுருள் பிழைக்கும். “குறுக்க ஒரு கெபாசிட்டர் வந்தா அந்த மேல்ஸ்தாயி மினுமினுப்பு போயிடும் தம்பி” என்கிறார். டிஎஸ்பியில் சரிசெய்து தருகிறேன், கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள் சார் என்றேன். வாங்கிய கெபாசிட்டர் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பக்கத்திலேயே, மூடி இல்லாத அந்தப் பழைய ரிலேயும்.